பிலிப்பினோ படங்களில் வெட்டியதும் விட்டதும்

நான் என்ன வேலை பார்த்தேன் என்று என் மாமனாருக்குக் கடைசிவரை தெரியாது. துபாயில் டிவி சம்பந்தமான வேலை என்று சொல்லி வைத்திருந்தேன். அவர் மாப்பிள்ளை டிவி ரிப்பேர் செய்கிறார் என்று ஊர் முழுக்கச் சொல்லி, நான் லீவில் போகும்போதெல்லாம் தெருவில் கெட்டுப்போன டிவிகளை வரிசையாக வைத்துக் காத்திருப்பார். நான் செய்தது வேறு. பிலிப்பைன்ஸிலிருந்து வரும் படங்களில் துணி இல்லாத இடங்களை எல்லாம் எடுத்துவிட்டு, துணியோடு இருக்கும் பாக்கியை வளைகுடாவில் ஓட்டத் தகுந்த படமாக ஆக்கித் தருவது. இருபத்தெட்டு வருடம் இதைத்தான் செய்தேன். அத்தனை வருடமும் என் கண் பார்த்ததை வாய் விட்டுச் சொல்லியிருந்தால் ஊரில் என்னை வீட்டுக்குள் சேர்த்திருக்க மாட்டார்கள்.

இப்போது எழுத வைத்தது நிவேதா. நான் ஓய்வு பெற்ற அலுவலகத்தில் படம் வெட்டும் பிரிவுக்கு இன்று அவள்தான் பொறுப்பு. ஷார்ஜாவிலேயே பிறந்து வளர்ந்த பெண். போன மாதம் டீ குடிக்கக் கூப்பிட்டு, புதிதாக வந்திருக்கும் மென்பொருளைக் காட்டினாள். படத்தை உள்ளே போட்டால், தோல் தெரியும் இடத்தில் எல்லாம் அதுவே சிவப்புக் கட்டம் போடுகிறது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு பாதிரியாரின் வழுக்கைத் தலைக்குக் கட்டம் போட்டது. பாவம், அதற்குத் தோல்தான் தெரிகிறது.

"அங்கிள், ஃபிலிப்பினோ ஸ்ட்ரீமிங்ல இருந்து வீக்லி ரெண்டு படம் வருது. எல்லாமே அந்த டைப். லாக்டவுன்ல ஸ்டார்ட் ஆன ட்ரெண்ட்தானே இது?" என்றாள்.

எனக்கு டீ புரையேறிவிட்டது. அந்த நாட்டுக்காரர்கள் இதை ஆரம்பித்தபோது நிவேதாவின் அப்பாவுக்கே மீசை முளைத்திருக்காது. சரி, இந்த விவரமெல்லாம் தெரிந்த ஒரு ஆள் எழுதி வைக்கட்டும் என்று உட்கார்ந்துவிட்டேன்.

எனக்கு இந்தத் தொழிலில் முன் அனுபவம் உண்டு. ஆனால் எதிர்ப்பக்கத்தில். மன்னார்குடிப் பக்கம் ஒரு டூரிங் டாக்கீஸில் ஆபரேட்டருக்கு உதவியாக இருந்தேன். சாதுவான ஒரு படத்தின் நடுவே எங்கிருந்தோ வந்த மூன்று நிமிடத் துண்டை ஒட்டி ஓட்டுவோம். அதற்குப் பிட்டு என்று பெயர். தமிழ்நாட்டில் அந்த வார்த்தைக்கு விளக்கம் தேவையில்லை. பிட்டு ஓடும்போது கொட்டகையில் ஒரு தும்மல்கூடக் கேட்காது. போலீஸ் ஜீப் சத்தம் கேட்டால் துண்டை உருவி வேட்டி மடிப்பில் செருகிக்கொள்ள வேண்டியது என் பொறுப்பு. அப்புறம் சென்னையில் இரண்டு வருடம் வீடியோ எடிட்டிங் பழகினேன். கல்யாணம் ஆனது. ஏஜென்ட் ஒருவர் துபாய்க்கு அனுப்பினார். ஊரில் ஒட்டினேன், இங்கே வெட்டினேன். அவ்வளவுதான் என் முன்னேற்றம்.

துபாயின் தேராப் பகுதியில் ஒரு கம்பளக் கடையின் மாடியில் எங்கள் ஆபீஸ். நடத்தியவர் ஒரு லெபனான்காரர். நாங்கள் முதீர் என்றுதான் கூப்பிடுவோம். மேனேஜர் என்று அர்த்தம். தொழிலாளர் விடுதிகளுக்கும் கேம்ப்களுக்கும் வெள்ளிக்கிழமை தோறும் படம் போட்டுக் காட்ட எங்களுக்கு உரிமம் இருந்தது. இந்திப் படம், தமிழ்ப் படம், மலையாளப் படம் எல்லாம் போகும். தகராறு பிடித்தது பிலிப்பினோ படம்தான். மணிலாவிலிருந்து முதீரின் ஆள் மலிவாகக் கிடைத்ததை எல்லாம் அள்ளி அனுப்பிவிடுவார். மலிவாகக் கிடைத்ததெல்லாம் ஒரே வகை.

அந்தப் பிரிவுக்கு என் மேலதிகாரி ஒரு பிலிப்பினோ அம்மாள். மிலா என்று பெயர். அவர்கள் பாஷையில் அக்காவை 'ஆத்தே' என்பார்கள், ஆகவே எனக்கு அவர் மிலா ஆத்தே. குள்ளமான உருவம், கழுத்தில் சிலுவை, கையில் எப்போதும் ஒரு கொக்கி ஊசியும் நூலும். காலையில் வந்ததும் ஜெபமாலையை ஒரு சுற்று உருட்டிவிட்டு, "ஓகே கலி, என்ன பாவம் வந்திருக்கு?" என்று கேட்பார். என் முழுப் பெயர் கலியமூர்த்தி. அதை அவரால் சொல்ல முடியவில்லை, நானும் வற்புறுத்தவில்லை.

அவர் இளம் வயதில் மணிலாவில் இந்த வகைப் படங்களில்தான் வேலை பார்த்திருக்கிறார். கன்டின்யூட்டி எழுதுகிற பெண். அதாவது, முந்தின ஷாட்டில் கதாநாயகியின் எந்தப் பொத்தான் அவிழ்ந்திருந்தது என்று நோட்டில் குறித்து வைப்பவர். "கடவுளுக்கு அப்புறம் பிலிப்பைன்ஸ்ல அந்தக் கணக்கு தெரிஞ்சது எனக்குத்தான்" என்பார்.

சரித்திரத்தை அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். எழுபதுகளின் ஆரம்பத்தில் அந்த வகைப் படங்களுக்கு 'பொம்பா' என்று பெயர் வைத்தார்களாம். வெடிகுண்டு என்று அர்த்தம். தெருவில் மாணவர்கள் ஊர்வலம், கொட்டகையில் பொம்பா, இரண்டும் ஒரே சமயத்தில் வெடித்துக்கொண்டிருந்ததாம். வெளியூர்க் கொட்டகைக்காரர்கள் தங்கள் பங்குக்குக் கூடுதல் துண்டுகளை நடுவில் ஒட்டிக்கொண்டார்களாம். இதைக் கேட்டபோது எனக்குச் சொந்தக்காரர்களைக் கண்டுபிடித்த சந்தோஷம். பிறகு ராணுவச் சட்டம் வந்தது. உடம்பைக் காட்டக் கூடாது என்று உத்தரவு.

"உடம்பைக் காட்டக் கூடாதுன்னாங்க. நனையக் கூடாதுன்னு யாரும் சொல்லலையே" என்றார் ஆத்தே. "அன்னையிலிருந்து எங்க ஊர் ஹீரோயின் எல்லாரும் ஆத்துல வழுக்கி விழ ஆரம்பிச்சாங்க. வெள்ளைப் பாவாடையோட விழுவாங்க. நான் எழுதின நோட்டுல பாதி, எவ்வளவு ஈரம்ங்கிற கணக்குதான்."

நம்மவர்கள் மழைப் பாட்டு என்று வைத்துக்கொண்டார்கள், அவர்கள் ஆற்றில் தள்ளிவிட்டார்கள். கொஞ்ச காலத்தில் சட்டம் தளர்ந்து பாவாடையும் போய்விட்டது. அதற்கு 'போல்ட்' என்று பெயர், ஆங்கிலத்தில் துணிச்சல். தொண்ணூறுகளில் ஏழே நாளில் ஒரு முழுப் படத்தை எடுத்து முடிக்கிற வித்தையைக் கண்டுபிடித்தார்கள். எங்களுக்கு வந்ததில் பெரும்பாலும் அந்த ஏழு நாள் சரக்குதான். இன்று நிவேதாவுக்கு வருவது அவற்றின் பேரக் குழந்தைகள்.

ஆத்தே சொன்னதில் ஒன்றை நான் அன்று கதையாகத்தான் கேட்டுக்கொண்டேன். "புரொடியூசருக்கு வேண்டியது பத்து நிமிஷத்துக்கு ஒரு குளியல். அதைக் குடுத்துட்டா மிச்சப் படத்தை அவர் பார்க்கக்கூட மாட்டார். நல்ல டைரக்டரெல்லாம் தனக்குச் சொல்ல வேண்டியதை அந்த மிச்சத்துலதான் ஒளிச்சு வைப்பாங்க. குடிசை இடிக்கிறது, பண்ணையார் அட்டூழியம், ஃபேக்டரிச் சண்டை, எல்லாம் ரெண்டு குளியலுக்கு நடுவுலதான் இருக்கும்." குளியல்களை எடுத்துவிடுகிற ஆள் நான்தான் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

எங்கள் வேலைமுறையைச் சொல்ல வேண்டும். முதல் சுற்றில் நான் மட்டும் படத்தைப் பார்ப்பேன், சத்தத்தை நிறுத்திவிட்டு. எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று நேரம் குறித்து வெட்டுவேன். இரண்டாவது சுற்று ஆத்தேயுடையது. அவர் படத்தைப் பார்க்க மாட்டார். "எடுக்கும்போதே எல்லாம் பார்த்தாச்சு, ரெண்டாவது தடவை எதுக்குப் பாவம்?" என்று நாற்காலியைத் திருப்பி, திரைக்கு முதுகு காட்டி உட்கார்ந்துகொள்வார். வசனத்தை மட்டும் கேட்பார். கை பின்னிக்கொண்டே இருக்கும். கெட்ட வார்த்தை வந்தால் கொக்கி ஊசி மேலே போகும். நான் அந்த இடத்தில் சத்தத்தை எடுத்துவிடுவேன். நான் கண், அவர் காது. முழுப் படத்தையும் முழுதாக யாரும் பார்க்காமலே எங்கள் ஆபீஸில் ஒரு படம் தயாராகிவிடும்.

இப்படிப் பன்னிரண்டு வருடம் ஊசியைப் பார்த்தும் வசனத்தைக் கேட்டும் அந்தப் பாஷை எனக்கு வந்துவிட்டது. முதலில் கெட்ட வார்த்தைகள், பிறகு மற்றவை. ஆத்தேக்கு அது தெரியும். நாங்கள் இருவரும் அதில்தான் பேசிக்கொள்வோம். ஆபீஸ் கோப்பில் மட்டும் நான் 'பாஷை தெரியாத டெக்னீஷியன்' என்றே இருந்தேன். யாரும் கேட்கவில்லை, நானும் போய்ச் சொல்லவில்லை.

அடுத்தது வெட்டுப் பட்டியல். எதை எடுத்தோம் என்று ஒவ்வொன்றையும் எழுதி, கீழே இரண்டு கையெழுத்துப் போட்டு அனுமதி ஆபீஸுக்கு அனுப்ப வேண்டும். படத்துக்கு என் கையெழுத்து, வசனத்துக்கு ஆத்தேயின் கையெழுத்து. ஆரம்பத்தில் நான் ஆர்வக்கோளாறில் நடந்ததை நடந்தபடி விவரமாக எழுதினேன். ஒரு வாரத்தில் எங்கள் பட்டியலுக்கு அந்த ஆபீஸில் வாசகர் வட்டமே உருவாகிவிட்டது. நகல் எடுத்து எடுத்துக் கடைசியில் தாள் ஹமத் என்ற அதிகாரியின் மேசைக்குப் போயிருக்கிறது. சிரிக்காத மனிதர். வயது நாற்பதுக்குள். அத்தர் வாசனையோடு எங்கள் ஆபீஸுக்கே வந்து, பட்டியலை இரண்டு விரலால் பிடித்து மேசைமேல் வைத்து, "இதுவே ஆபாசம்" என்றார்.

ஆத்தே அசரவில்லை. அன்றே ஒரு முறை வகுத்தார். முத்தம் என்றால் 'குடும்பச் சந்திப்பு'. கட்டில் என்றால் 'நீண்ட குடும்பச் சந்திப்பு'. ஆறு, குளம், மழை, குழாயடி எல்லாம் 'வானிலை'. அதற்குப் பிறகு எங்கள் பட்டியல் ஏதோ கிராம நிர்வாக அறிக்கை மாதிரி போகும். ஹமத் முகத்தில் ஒரு கோடும் மாறாமல் முத்திரை குத்துவார். ஒரே ஒரு தடவை மட்டும் ஓரத்தில் எழுதியிருந்தார்: 'இந்தப் படத்தில் வானிலை மிக மோசம்.'

வெட்டின இடத்தில் படம் குதிக்குமே, அதை மூட ஏதாவது வேண்டும். தனி டேப் ஒன்றில் சில காட்சிகளைச் சேர்த்து வைத்திருந்தேன். அதில் ஒரு சேவல். வேலிமேல் ஏறி நின்று கழுத்தை நீட்டிக் கூவும், பின்னால் விடியும். கதவு சாத்தினால் சேவல், விளக்கு அணைந்தால் சேவல். ஆத்தேயின் கணக்குப்படி அந்தச் சேவல் பதினொரு படங்களில் நடித்தது.

ஜெபல் அலிப் பக்கம் ஒரு தையல் தொழிற்சாலையின் பெண்கள் விடுதிக்கு நான்தான் வெள்ளிக்கிழமை மதியம் டிஸ்க்கை எடுத்துப் போவேன். பாதிப் பேர் பிலிப்பினோ பெண்கள், பாதிப் பேர் இலங்கைப் பெண்கள். சாப்பாட்டுக் கூடத்தில் படம் போடும் பொறுப்பு சரோஜாவுடையது. ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவள், முப்பது வயது இருக்கும், வாய் கொஞ்சம் நீளம்.

ஒரு வாரம் அவள் சொன்னாள்: "அண்ணே, அந்தச் சேவல் வந்தா இங்க எல்லாரும் கை தட்டுறாங்கண்ணே. என்னா நடந்துச்சின்னு நாங்களே முடிவு பண்ணிக்கிறம். நீங்க காட்டியிருந்தாக்கூட இம்புட்டு இருந்திருக்காது."

இது எப்படியோ முதீர் காதுக்குப் போய்விட்டது. கோபத்தில் அவருக்கு எல்லாப் பாஷையும் கலந்து வரும். "கலி, சேவல் கலாஸ். மாஃபி சேவல். வேற ஏதாவது போடு, யல்லா" என்றார். சேவல் போதும், இனிச் சேவலே கிடையாது, சீக்கிரம் என்று அர்த்தம்.

அந்த வாரம்தான் அந்தப் படம் வந்தது. மணிலாவில் ஒரு தையல் ஃபேக்டரி. முதலாளி கெட்டவன், கதாநாயகி ஏழை, ஐந்து நீண்ட குடும்பச் சந்திப்பு, வானிலைக்கு எல்லையே இல்லை. நான் வெட்டி முடித்தபோது அறுபத்துமூன்று நிமிடம்தான் மிஞ்சியது. விடுதிக்கு ஒன்றேகால் மணி நேரமாவது இருக்க வேண்டும். சேவலுக்கோ தடை.

படத்துக்குள்ளேயே தேடினேன். நடுவில் ஒரு காட்சி, இரண்டு குளியலுக்கு இடையில் நான்கு நிமிடம். அந்த ஃபேக்டரியில் கழிப்பறைக்குப் போக மெஷின் வரிசைக்கு இரண்டே மரத் துண்டுகள்தான். துண்டு கையில் இருந்தால்தான் எழுந்திருக்க முடியும். வயதான ஒருத்தி கேட்டுக் கேட்டுக் கிடைக்காமல் உட்கார்ந்த இடத்திலேயே நனைந்துவிடுகிறாள். பக்கத்தில் இருந்தவள் மெஷினை நிறுத்துகிறாள். ஒவ்வொன்றாக எல்லா மெஷினும் நிற்கிறது. நாற்பது பெண்கள் கையைக் கட்டிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள். மேஸ்திரி கத்தும்போது ஒருத்தி சொல்கிறாள்: "இன்னைக்குக் கைக்கு லீவு."

ஆபாசம் எதுவும் இல்லை. எல்லோரும் கழுத்துவரை பொத்தான் போட்டிருந்தார்கள். முதல் வெட்டில் அதை ஒட்டினேன், நன்றாகப் பொருந்தியது. இரண்டாவது வெட்டிலும் ஒட்டினேன். மூன்றாவதில் ஒட்டும்போது என்ன செய்கிறேன் என்று எனக்குத் தெரியும். முதலாளி கதவைச் சாத்துகிறான், உடனே நாற்பது பெண்கள் கையைக் கட்டுகிறார்கள். மறுபடி சாத்துகிறான், மறுபடி கட்டுகிறார்கள். பன்னிரண்டு வருடம் வெட்டி ஒட்டியவனுக்கு முதல் தடவையாக ஒரு படம் எடுத்த திருப்தி வந்தது. அதை இன்று மறைப்பதில் பிரயோஜனம் இல்லை.

இரண்டாவது சுற்றில் ஆத்தே முதுகு காட்டி உட்கார்ந்து கேட்டார். மெஷின்கள் ஒவ்வொன்றாக நிற்கும் சத்தம், அப்புறம் அந்த ஒரு வரி. மூன்றாம் முறை கேட்டபோது பின்னுகிற கை நின்றுவிட்டது. ஊசி மேலே போகுமா என்று பார்த்தேன். போகவில்லை.

"மறுபடியுமா?" என்றார், திரும்பாமலே.

"நீளம் போதலை ஆத்தே."

"அந்த விடுதியில இந்த மரத் துண்டு இருக்குன்னு உனக்குத் தெரியுமா?"

"சரோஜா சொல்லியிருக்கா. லைனுக்கு ரெண்டு."

ஊசியில் நூலை ஒரு சுற்றுச் சுற்றினார். பிறகு, "கெட்ட வார்த்தை எதுவும் இல்லை, இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் பின்னலைத் தொடர்ந்தார். பட்டியலில் 'உரையாடலில் ஆட்சேபம் இல்லை' என்று கையெழுத்துப் போட்டார். அதற்கு மேல் என் கையெழுத்து. ஹமத்தின் ஆபீஸில் யாரோ வேகமாக ஓட்டிப் பார்த்துத் தோல் எதுவும் இல்லை என்று முத்திரை குத்திவிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை மதியம் படம் ஓடியது. நான் வாசலில் நின்று பார்த்தேன். முதல் தடவை சிரித்தார்கள், சேவலுக்குப் பதில் இதுவா என்று. இரண்டாம் தடவை சிரிப்பு குறைந்தது. நான்காம் தடவை கூடம் முழுக்க அந்த வரியைச் சேர்ந்து சொன்னார்கள். இலங்கைப் பெண்களும் அதே பாஷையில் சொன்னார்கள்.

மறுநாள் காலை பத்து மணிக்குச் சரோஜா போன் செய்தாள். "அண்ணே, எல்லாரும் கையக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கம். மரக்கட்டைய எல்லாம் கக்கூசுல போட்டாச்சி. அடைச்சிக்கிட்டு நிக்கிது. சூப்பர்வைசருக்கு என்னா பண்றதுன்னே தெரியல." பின்னால் ஒரே சிரிப்புச் சத்தம்.

மூன்றாம் நாள் மரத் துண்டு முறையை எடுத்துவிட்டார்கள். யாரையும் ஊருக்கு அனுப்பவில்லை. இருநூறு பெண்களை அனுப்பிவிட்டு யாரை வைத்துத் தைப்பது? ஆனால் இப்படி ஒன்று நடந்துவிட்டால் யாராவது ஒருவர் விமானம் ஏறியாக வேண்டும். யார் சொல்லிக் கொடுத்தது என்று விசாரித்திருக்கிறார்கள். வெள்ளிக்கிழமைப் படம் என்று பதில் வந்திருக்கிறது.

விசாரணை முதீர் அறையில் நடந்தது. ஹமத், தொழிற்சாலையிலிருந்து டை கட்டிய ஒருவர், முதீர், ஆத்தே, நான். ஹமத் பால் இல்லாத டீயைக் குடித்துக்கொண்டே ஒன்றேகால் மணி நேரமும் கண் எடுக்காமல் படத்தைப் பார்த்தார். எனக்குத் தெரிந்து எங்கள் ஆபீஸுக்குள் ஒரு படத்தை முழுதாக, படமும் சத்தமுமாகப் பார்த்த முதல் மனிதர் அவர்தான்.

எனக்கும் ஆத்தேக்கும் என்ன போகும் என்று அந்த நேரம் முழுக்க எண்ணிக்கொண்டிருந்தேன். விசா ரத்தானால் திரும்பி வர முடியாது. என் பெண் காவேரி ஷார்ஜாவில் பன்னிரண்டாம் வகுப்பு, பரீட்சைக்கு ஆறு வாரம் இருந்தது. என் விசா போனால் அவள் விசாவும் போய்விடும். ஆத்தேயின் ஒரே மகள் ஜாய். நான்கு வயதில் பாட்டியிடம் விட்டுவிட்டு வந்தவர். அந்த ஜாய் நர்ஸ் படித்து முடித்து, ஆறு மாதம் முன்புதான் இங்கே ஒரு மருத்துவமனைக்கு வேலைக்கு வந்திருந்தாள். பதினெட்டு வருடத்துக்குப் பிறகு தாயும் மகளும் ஒரே அறையில், ஒரே அடுப்பில் சமைத்துக்கொண்டிருந்தார்கள். ஆத்தே அந்த ஆறு மாதமும் காலையில் பாட்டுப் பாடிக்கொண்டே ஆபீஸ் வருவார்.

ஹமத் என்னைப் பார்த்து ஆங்கிலத்தில் கேட்டார். "படத்தை வெட்டினது நீ. இந்தக் காட்சி ஏன் நாலு தடவை வருது?"

"நீளத்துக்காக சார். முன்னாடி சேவல் போடுவேன். சேவல் வேணாம்னு முதீர் சொல்லிட்டார்."

எல்லோரும் முதீரைப் பார்த்தார்கள். முதீர் மேல்கூரையைப் பார்த்தார். டை கட்டியவர் மட்டும் 'சேவல்' என்று தாளில் எழுதிக்கொண்டார்.

"இவங்க என்ன பேசுறாங்கன்னு உனக்குத் தெரியுமா?" என்றார் ஹமத்.

அப்போது ஆத்தே அவர்கள் பாஷையில், என்னைப் பார்க்காமல், ஜன்னலைப் பார்த்தபடி சாதாரணமாகச் சொன்னார்: "கலி, வாயைத் திறக்காதே. உன் பெண்ணுக்குப் பரீட்சை இருக்கு. என் பெண் வளர்ந்துட்டா. ஒருத்தர் போனாப் போதும்."

"என்ன சொன்னீங்க?" என்றார் ஹமத்.

"டேப் அலமாரிச் சாவி ரெண்டாவது டிராயர்ல இருக்குன்னு சொன்னேன் சார். அவன் எப்பவும் தேடுவான்."

ஹமத் டீக் கோப்பையைக் கீழே வைத்தார். என் முகத்தையே பார்த்துக்கொண்டு, அவசரமில்லாமல் மறுபடி கேட்டார். "யோசிச்சுச் சொல்லு. உனக்கு இந்தப் பாஷை தெரியுமா, தெரியாதா?"

"மாஃபி மாலூம், சார்" என்றேன். தெரியாது. வளைகுடாவுக்கு வந்த முதல் நாள் எல்லோரும் கற்றுக்கொள்கிற வார்த்தை அது. பன்னிரண்டு வருடத்தில் அதைவிடச் சுத்தமான பொய்யை நான் சொன்னதில்லை.

அவர் இன்னும் கொஞ்ச நேரம் காத்திருந்தார். பிறகு எழுதத் தொடங்கினார்.

ஒரு வாரத்தில் ஆத்தே போய்விட்டார். விமான நிலையத்துக்கு நான் போகவில்லை. போனால் விசாரணையில் பேசாதவன் அங்கே ஏன் அழுகிறான் என்று யாராவது கேட்பார்கள் என்று பயந்தேன். ஜாய் மட்டும் டூட்டியிலிருந்து ஓடி வந்து பார்த்தாளாம். காவேரி பரீட்சை எழுதினாள்.

அந்த வருடம் ஜூலையில் ஒரு பட்டியலோடு நான் ஹமத்தின் மேசைக்குப் போனேன். தாளில் ஆத்தே கையெழுத்துப் போடும் இடத்தில் புதிதாக வந்த மொழிபெயர்ப்பாளரின் கையெழுத்து இருந்தது. ஹமத் ஒவ்வொரு வரியாகப் படித்து முத்திரையை மையில் ஒற்றினார். தலை நிமிராமலே கேட்டார்: "பெண் பாஸ் ஆயிட்டாளா?"

"ஆயிட்டா சார், எண்பத்தொன்பது பர்சென்ட்" என்றேன். சொல்லி முடித்த பிறகுதான் தெரிந்தது. அவர் கேட்டது ஆத்தேயின் பாஷையில். நான் பதில் சொன்னதும் அதில்தான்.

அவர் முத்திரையைக் குத்திவிட்டு நிமிர்ந்தார். அதே பாஷையில், ஒரு பிலிப்பினோக்காரன் பேசுவதுபோல அலட்டாமல் பேசினார்.

"என்னை வளர்த்தது ஒரு பிலிப்பினோ அம்மா. ஏழு வயசுவரை அவங்க மடியிலதான் தூங்குவேன். நான் முதல்ல பேசின பாஷையே இதுதான்."

முத்திரையை மைப்பெட்டியில் வைத்து மூடினார்.

"அன்னைக்கு உன்னை ரெண்டு தடவை கேட்டேன். படம் பார்த்தவனுக்கும் பாஷை தெரியும், கேட்டவங்களுக்கும் தெரியும், ரெண்டு பேருமே இதைத் தப்புன்னு நினைக்கலைன்னா அது கம்பெனியோட கவனக்குறைவு. கம்பெனிக்கு ஒரு எச்சரிக்கை எழுதிட்டுப் போயிருப்பேன். தெரிஞ்சது ஒருத்தருக்கு மட்டும்தான்னா, அவங்க வேணும்னே மறைச்சாங்கன்னு ஆயிடும். நீ சொன்னதுக்கப்புறம் நான் வேற என்ன எழுத முடியும்?"

தாளை என் பக்கம் தள்ளினார். கோபமாகச் சொல்லவில்லை. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது. வெளியே வந்து அந்த ஜூலை வெயிலில், கார் நிறுத்துமிடத்தில், நான் எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. என்னைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு ஆத்தே சொன்னது தப்பு. ஆனால் அவர் சொல்லாமல் இருந்திருந்தாலும் நான் 'மாஃபி மாலூம்' என்றுதான் சொல்லியிருப்பேன். நாக்கு அதற்குத்தான் தயாராக இருந்தது. எனக்கு அது தெரியும்.

மிலா ஆத்தே இப்போது ஒரு தீவில் இருக்கிறார், எழுபத்தைந்து தாண்டிவிட்டது. ஜாய் நான்கு வருடம் கழித்துத் திரும்பிப் போய் அவரோடு இருக்கிறாள். மாதம் ஒரு முறை போனில் முகம் பார்த்துப் பேசுவோம். இப்போது அங்கே செல்போனில் வருகிற புதுப் படங்களைக் கண்டபடி கேலி செய்வார். "எல்லாம் வானிலை மட்டும்தான் கலி, நடுவுல ஒண்ணுமே இல்லை" என்பார். நானும் சிரிப்பேன். அப்புறம் தவறாமல் காவேரி எப்படி இருக்கிறாள் என்று கேட்பார். நன்றாக இருக்கிறாள், அவள் விசாவில்தான் நான் இங்கே இருக்கிறேன் என்பேன். "பார்த்தியா, அன்னைக்கு நான் சொன்னது சரியாப் போச்சு" என்று அவருக்கு ஒரே சந்தோஷம்.

ஹமத் சொன்னதை இத்தனை வருடத்தில் ஆத்தேயிடம் நான் சொல்லவில்லை. இனியும் சொல்லப் போவதில்லை. அவருக்குத் தமிழ் தெரியாது. அந்தத் தைரியத்தில்தான் இதை இங்கே எழுதுகிறேன்.